வில்லாளிக்கு மட்டும் ஓரவஞ்சனை

பாதிக்கப்பட்டவன் என்று ஒரு இனம் இருக்கிறது. வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவனையோ, விபத்தில் காலை ஒடித்துக்கொண்டவனையோ சொல்லவில்லை. அவர்கள் பாவம், வாயைத் திறக்காமல் எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் சொல்வது நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதிக்கப்படுகிறவனை. ஏசி காற்று முதுகில் படும், காலடியில் கூட்டிப் பெருக்க ஆள் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்கட் இருக்கும், அவனோ உலகமே சேர்ந்து தன் கழுத்தை அறுத்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் என்ன. உங்கள் வீட்டிலேயே ஒன்று கிடக்கும்.

என் வீட்டில் நாற்பது வருஷம் ஒன்று கிடந்தது. மில்லில் வேலை. "எங்க ஷிஃப்டுக்கு மட்டும் மட்டமான மெஷினக் குடுக்கறானுங்க" என்பது அதன் காலை வணக்கம். ஒரு நாளாவது அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டதா என்று கேட்டால் சோற்றுத் தட்டு பறக்கும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் வேலைக்கு வந்தேன். போய்ச் சேர்ந்தவரை இப்படிப் பேசலாமா என்று யாராவது கேட்டால், நாற்பது வருஷம் கூட இருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

நான் பெருக்கித் துடைக்கிற இடம் கம்ப்யூட்டரில் விளையாட வருகிறவர்களுக்கான சென்டர். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு மெஷின். நாற்காலிச் சக்கரத்தில் சிக்கிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுப்பது, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பிஸ்கட் தூளைக் கொட்டுவது, காதில் மாட்டுகிறதிலிருந்து உதிர்கிற கறுப்புப் பொருக்கைத் துடைப்பது, ஏசி சொட்டுகிற வாளியைக் காலி பண்ணுவது. ஒன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஒவ்வொருவனின் முதுகுக்குப் பின்னாலும் நின்று படத்தைப் பார்ப்பேன். ஒன்பது வருஷம் பார்த்தால் நாய்கூட விளையாட்டைத் தெரிந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இங்கே எட்டுப் பேர் சேர்ந்து ஒரு அரக்கனை அடிப்பார்கள். அந்த விளையாட்டுக்குள் போகிறவன் முதலில் ஒரு வேஷம் கட்டிக்கொள்ள வேண்டும். வாள்வீரன், மந்திரவாதி, அடிபட்டவனுக்கு உயிர் ஊட்டுகிற வைத்தியர், வில்லாளி என்று ஏழெட்டு வேஷம். இதற்குக் கிளாஸ் என்று பேர். அடித்து முடித்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். எட்டுப் பேரில் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று மேலிருந்து கீழே. அந்தப் பட்டியலின் அடியில், வாளியின் அடியில் சேறு தங்குகிற மாதிரி, எப்போதும் ஒரே பேர் தங்கியிருக்கும்.

அவன் பேர் எதுவோ. எல்லோரும் தராசு என்பார்கள். வயது நாற்பத்து நாலு. கடை கடையாகப் போய் எடைத் தராசு சரியாக நிற்கிறதா என்று சோதித்து முத்திரை போடுவது அவன் உத்தியோகம். ஏழாம் நம்பர் நாற்காலி. ஆறு வருஷமாக வில்லாளி.

பாதிக்கப்பட்டவனை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். உள்ளே வந்ததும் மற்றவன் செருப்பைக் கழற்றுவான், இவன் "அப்டேட் வந்துச்சா?" என்பான். விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்காரன் மாதம் ஒருமுறை எந்தக் கிளாஸுக்கு எதைக் கூட்டினான், எதைக் குறைத்தான் என்று ஒரு அறிக்கை விடுவான். தராசு அதை, சொத்துப் பிரிக்கிற பத்திரத்தில் தன் பங்கைத் தேடுகிற தம்பி மாதிரி, மூக்கு திரையில் இடிக்கப் படிப்பான். மந்திரவாதிக்கு மூன்று வரி எழுதியிருக்கிறான், வாள்வீரனுக்கு இரண்டு வரி, நமக்கு அரை வரி! அந்த அரை வரியில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? வில்லாளியின் தொப்பி நிறம் மாற்றியிருந்தார்களாம். அன்றைக்கு முழுக்க அவன் வாயில் அந்தத் தொப்பிதான்.

ஜெயித்தால் அவன் கை. தோற்றால் அவன் கிளாஸ். ஆறு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பட்டியலில் மூன்றாவதாக வந்தான். அன்றைக்குக் கிளாஸைப் பற்றிப் பேச்சே இல்லை. "எல்லாம் டைமிங்தான் பெரியம்மா. கை பேசணும்" என்று விரலை என் முகத்துக்கு நேராக ஆட்டினான். அடுத்த ஞாயிறு மறுபடி எட்டாவது. கை ஊமையாகிவிட்டது.

"அவ்ளோ மட்டமான வேஷம்னா கழட்டிப் போட்டுட்டு வேற கட்டேன் தம்பி" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஐயோ, அவன் பார்த்த பார்வை!

"ஆறு வருஷம் பெரியம்மா! ஆறு வருஷம்! விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

ஏதோ கட்டின பெண்டாட்டியை விடச் சொன்ன மாதிரி. கட்டின பெண்டாட்டி போனில் கூப்பிட்டால் மட்டும் மூன்றாவது தடவைதான் எடுப்பான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்பு விட்டுக்கொண்டே பேசுவான். ஒருநாள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று அந்தப் பெண் கூப்பிட்டது.

"இரு, இங்க நெலம சரியில்ல. வில்லாளியோட அடிய எவ்ளோ கொறச்சிருக்கான் தெரியுமா?"

"ஏங்க, அந்த வில்லாளிய வர்ற வழியில ஒரு சிலிண்டரத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. அதுக்காவது ஆவானான்னு பாப்போம்."

பன்னிரண்டு நாற்காலியும் சிரித்தது. எனக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

வேஷத்தை மாற்றவே மாட்டான் என்றும் சொல்ல முடியாது. யாருக்கும் தெரியாமல் இரண்டு வாரம் வாள்வீரனாக இருந்து பார்த்தான். எனக்குத் தெரியும், நான்தான் பின்னால் நின்றேனே. இரண்டாவது வாரக் கடைசியில் தனக்குத்தானே முணுமுணுத்தான்: "ச்சே, வாள்வீரனும் பின்தங்கிட்டான்." இவன் போய் உட்கார்ந்ததும் அந்தக் கிளாஸும் படுத்துவிட்டது. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கூரை ஒழுகுகிறது என்றால் தலையில் எதையாவது சுமந்துகொண்டு போகிறாயா என்று பார்க்க வேண்டாமா?

அவன் அப்படிப் பார்க்கிறவன் இல்லை. அளக்கிறவன். விளையாட்டுக்குள் ஊர் எல்லையில் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும், யார் வேண்டுமானாலும் அடித்துப் பழகலாம். பதினொரு மாதத்துக்கு முன்னால் தராசு அந்தப் பொம்மைக்கு எதிரே போய் நின்றான். வில்லாளிக்கு நடக்கிற அநியாயத்தை அளந்து நிரூபிக்கப் போவதாக அறிவித்தான். பக்கத்தில் நீளமான நோட்டு, ஒரு ஸ்டாப் வாட்ச், மூன்று நிறப் பேனா. ஐந்து நிமிஷம் அம்பு விடுவான், எழுதுவான். நின்றுகொண்டு விட்டால் இவ்வளவு, நடந்துகொண்டு விட்டால் இவ்வளவு, மழையில் விட்டால் இவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை தவிர அரக்கன் பக்கமே போவதில்லை. அரக்கனை அடித்தால் அளக்க முடியாது, அவன் அசைகிறானாம்.

அளந்ததை வைத்து மாதா மாதம் கம்பெனிக்கு மனு. அனுப்புவதற்கு முன் உரக்கப் படிப்பான், எல்லோரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஆறு ஆண்டுகளாக வில்லாளியாக வாழ்ந்து வருபவன் என்ற முறையில்" என்றுதான் ஒவ்வொரு மனுவும் ஆரம்பிக்கும். விளையாடி வருபவன் இல்லை, வாழ்ந்து வருபவன்! கம்பெனியிலிருந்து ஒரு தடவை பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி. அதை அச்செடுத்து ஏழாம் நம்பர் மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்தான். மாதம் ஒருமுறை அதன் தூசியையும் நான்தான் தட்ட வேண்டும்.

இப்படிப்பட்டவனை ஏன் மற்ற ஏழு பேர் வைத்திருந்தார்கள்? தலைவி ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை வாள் எடுப்பாள். ஈறு வலிக்காமல் ஊசி போடுகிற பழக்கம், அதனால் யாரையும் முகத்துக்கு நேராகப் போ என்று சொல்ல மாட்டாள். ஆறு வருஷப் பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவனைச் சுமந்தாள்.

அப்போதுதான் புது அரக்கன் வந்தான். அவனை முதல் வாரத்திலேயே சாய்க்கிற டீம்காரர்களின் பேரை விளையாட்டு ஊரின் வாசலில் கல்லில் வெட்டுவார்களாம், அழியவே அழியாதாம். டாக்டர் ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் யாரையும் சுமக்க முடியாதுங்க. வில்லாளிக்கு ஒரு எடம்தான். சனிக்கிழமை ரெண்டு பேரும் பொம்மை முன்னாடி அஞ்சு நிமிஷம் அடிச்சுக் காட்டுங்க. யாருது கூடவோ அவங்க."

ரெண்டு பேர் என்றாளே, இன்னொருத்தி யார்? ஆறு மாதமாக வருகிற ஒரு தையல்காரி. நாலாம் நம்பர் நாற்காலி. கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமல் வருவாள், ஒரு மணி நேரம் விளையாடுவாள், எழுந்து போய்விடுவாள். அவளும் வில்லாளிதான். அவள் கிளாஸ் பின்தங்கியதாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தராசுக்கு முகம் செத்துவிட்டது. ஆறு வருஷம் உட்கார்ந்தும் பேர் கல்லில் ஏறவில்லை என்றால் பிறகு எதற்கு உட்கார்ந்தோம் என்று அவனுக்கே தோன்றியிருக்கும். அன்றைக்குப் பிஸ்கட்டைத் தொடவில்லை. எனக்குக்கூட ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ஏனென்றால் வியாழக்கிழமை அப்டேட் வந்துவிட்டது. வில்லாளியின் அடி ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது! தராசு எழுந்து நின்று கத்தினான். என் கையில் இருந்த துடைப்பத்தைப் பிடுங்கி வில் மாதிரி பிடித்து நாலு பக்கமும் அம்பு விட்டான். "பாத்தீங்களா? என் நோட்டு! என் நோட்டு போட்ட போடு!" தையல்காரி நாற்காலிக்கே போய், "பாத்தியாம்மா, நம்ம கிளாஸுக்கு நான் வாங்கிக் குடுத்தது. சனிக்கிழமை தோத்தா மனசுல வெச்சுக்காத" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தான். அவள் "சரிண்ணே" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலில் தையல்காரி. ஐந்து நிமிஷம், பல்லைக் கடிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. பத்து லட்சம் என்று விழுந்தது. அடுத்து தராசு. விரலைச் சொடுக்கினான், முதுகை நிமிர்த்தினான், மௌஸுக்கு அடியில் ஊதினான், ஐந்து நிமிஷமும் நாக்கைத் துருத்திக்கொண்டு அடித்தான். நாலு லட்சம்.

"மெஷின் ஸ்லோவா இருக்கு" என்றான். டாக்டர் பெருந்தன்மையாக, நாலாம் நம்பர் மெஷினிலேயே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். நாலு லட்சம்.

"அப்டேட்ல ஏதோ உள்குத்து. புதுசா வந்தவங்களுக்குக் கூட்டிட்டு பழைய ஆளுங்களுக்குக் கூட்டாம விட்டிருக்கான்."

"அப்படியெல்லாம் செய்வாங்களா?" என்றாள் டாக்டர்.

"செய்வானுங்க டாக்டர். உங்களுக்குத் தெரியாது. நான் ஆறு வருஷமா..."

நான் அப்போது நாலாம் நம்பருக்குப் பின்னால் ஈரத் துணியோடு நின்றிருந்தேன். அதே திரையில் கொஞ்சம் முன்னால் தையல்காரி விட்ட அம்பைப் பார்த்திருந்தேன். முனை பளபளவென்று கத்தி மாதிரி இருந்தது, பொம்மையில் குத்தி நின்றது. இவன் விடுகிற அம்பின் முனையில் உருண்டையாக ஒரு கட்டை, டிரம் அடிக்கிற குச்சி மாதிரி. பொம்மையில் பட்டுப் பட்டுக் கீழே விழுந்தது. மற்றவர்களுக்கு எண்ணைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. எனக்குப் படம் மட்டும்தானே.

"தம்பி, உன் அம்புக்கு ஏன் மூக்கு மொட்டையா இருக்கு?" என்றேன்.

"பெரியம்மா, நீங்க தரையப் பாருங்க. இது டெக்னிக்கல் விஷயம்."

தையல்காரி எழுந்து வந்தாள். ஊசியில் நூல் கோர்க்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். அவன் அம்புப் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். ரொம்ப மெதுவாக, அடுத்தவர் சட்டைக் கிழிசலைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணே, இது பழகுற அம்புண்ணே."

பழகுகிற அம்பு என்றால் என்ன? விளையாட்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். எத்தனை விட்டாலும் தீராது, ஆனால் அடி பாதிதான் விழும். பதினொரு மாதத்துக்கு முன்னால், நாள் முழுக்கப் பொம்மையை அடித்து அளக்க வேண்டுமே, நல்ல அம்பு தீர்ந்துபோகுமே என்று தராசு இதை மாட்டியிருக்கிறான். மாட்டினவன் கழற்ற மறந்துவிட்டான். பதினொரு மாதம்! அந்த மொட்டை அம்போடுதான் ஒவ்வொரு ஞாயிறும் அரக்கன் முன்னால் நின்றிருக்கிறான். அந்த மொட்டை அம்பைத்தான் நிற்கும்போது, நடக்கும்போது, மழையில் என்று மூன்று நிறத்தில் எழுதியிருக்கிறான். ஊரில் உள்ள தராசையெல்லாம் தூக்கிப் பார்த்து முத்திரை குத்துகிற மனுஷன்!

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய அடி.

"சரி விடுங்க" என்றாள் டாக்டர், ஊசி போடுவதற்கு முந்தைய குரலில். "நல்ல அம்ப மாட்டிட்டு மறுபடி அடிங்க. அதான் கணக்கு."

நான் பார்த்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அந்த மொட்டை அம்பைக் கழற்ற அவன் கை போகவே இல்லை. மௌஸைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. நல்ல அம்பு பையில்தான் இருக்கிறது, கட்டுக் கட்டாக, ஒரு வருஷமாகத் தொடாமல். மாட்ட வேண்டியதுதானே? மாட்டினால் அப்புறம் விழுகிற எண் அவனுடைய எண். கிளாஸுடையது இல்லை, கம்பெனியுடையது இல்லை, மெஷினுடையது இல்லை. என் வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் எண்ணெய் டப்பாவைத் தொடாதது ஏன் என்று அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

"மாட்டுண்ணே" என்றாள் தையல்காரி.

மாட்டினான். அடித்தான். எட்டு லட்சம்.

ஆறு வருஷத்தில் அவன் பார்க்காத எண்! மோசமில்லை, ஒரு மாதம் ஒழுங்காகப் பழகினால் பத்தைத் தொட்டுவிடலாம். டாக்டரே "அடேங்கப்பா" என்றாள். ஆனால் பத்தைவிட எட்டு கம்மி. ஞாயிற்றுக்கிழமை இடம் தையல்காரிக்குப் போனது. டாக்டர் அதைச் சொன்னபோது தராசு தலையை ஆட்டினான். எனக்குத் திரும்பவும் பாவம் வரப் பார்த்தது. இப்போதாவது வாயை மூடிக்கொண்டு அந்த அம்பை நாலு தரம் விட்டுப் பழகுவான் என்று நினைத்தேன். எனக்கு இந்த வயதிலும் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் புது அரக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை செத்து, நாலாவது தடவை சாய்த்தார்கள். சென்டரே குதித்தது. கல்லில் எட்டுப் பேருடைய பேரும் ஏறியதைக் காட்டத் தையல்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் எழுத்துக் கூட்டி அவள் பேரைப் படித்துவிட்டுத் திரும்பினால், ஏழாம் நம்பரில் தராசு புது நோட்டைப் பிரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தான். முகத்தில் என்ன தெளிவு! என்ன நிம்மதி! இரண்டாவது பிஸ்கட் பாக்கெட் பாதி காலி.

"என்ன தம்பி, அம்பு விட்டுப் பழகலையா?"

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு பெரியம்மா. நீங்களே நியாயம் சொல்லுங்க. வாள்வீரனுக்குப் பழகுற வாள் இருக்கு. மரத்துல செஞ்சிருக்கான், பாத்தாலே தெரியும். மந்திரவாதியோட பழகுற கோல்ல நெருப்பே வராது. வில்லாளிக்கு மட்டும், பாத்தா தெரியாத மாதிரி அம்பு வெச்சிருக்கான். இது ஓரவஞ்சனையா இல்லையா?"

"எனக்கு ஆறடி தள்ளி நின்னே தெரிஞ்சுதே தம்பி."

"நீங்க விளையாடறவங்க இல்ல, அதான் தெரிஞ்சுது" என்றான். சொல்லிவிட்டு அதையும் குறித்துக்கொண்டான், பச்சை நிறத்தில்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆபீஸில் உங்கள் செக்‌ஷனுக்கு மட்டும் நல்ல ஃபேன் கொடுக்கவில்லை, உங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் சரியாக வரவில்லை, உங்களைப் போல மூத்த பிள்ளையாகப் பிறந்தவனுக்கு மட்டும் எதுவும் அமைவதில்லை. உங்கள் கதை வேறு, எனக்குத் தெரியும். உங்களுக்கு நடந்தது நிஜமான அநியாயம். தராசும் முதல் நாள் என்னிடம் இதையேதான் சொன்னான், இதே முகத்தோடு. அவன் இப்போது வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் இரண்டாம் நம்பருக்கு மாறிவிட்டான். ஏழாம் நம்பர் காலியாக இருக்கிறது. துடைத்து, சக்கரத்தில் முடியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.